ஆபரேஷன் இலவசம்தான்; அங்கே போய்ச் சேர்வது?

கிராமத்துத் திருநங்கையரும் திருநம்பியரும் கேட்கும் பணக் கேள்விகள்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் பாலின உறுதி அறுவை சிகிச்சை, அதாவது உடம்பைத் தன் பாலினத்துக்கு ஏற்ப மாற்றும் ஆபரேஷன், காசு வாங்காமல் செய்யப்படுகிறது. இது பல வருஷமாகத் தெரிந்த செய்திதான். ஆனாலும் டவுனுக்கே இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஊர்களிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பணத்தைப் பற்றி. ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போய்வந்த வருஷங்களில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும், சொல்லத் தவறிய பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்பது இதில் இல்லை. அது டாக்டர் வேலை.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இலவசம்னு சொல்றாங்களே, அப்புறம் எதுக்குக் காசு?"

கத்தி வைக்கிற நாள் இலவசம். அதற்கு முன்னால் வரும் நாட்களும் பின்னால் வரும் நாட்களும்தான் காசு கேட்கும்.

அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்துத் தம்பி ஒருவன், திருநம்பி; பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்கிறவன். பழைய பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு எழுதி வைத்திருந்தான். முதல் வரி மினி பஸ். அடுத்து சென்னைக்கு ராத்திரி பஸ். பிறகு ஜெராக்ஸ், போட்டோ, டீ, கட்டணக் கழிப்பறை. 'சாப்பாடு' என்று எழுதி எதிரே ஒரு கோடு போட்டிருந்தான், அன்றைக்குச் சாப்பிடவில்லை. இப்படி ஆறு தடவை. முதல் தடவை ஓ.பி. சீட்டுப் போட்டு நின்றால், அந்தத் துறை டாக்டர் வியாழக்கிழமைதான் பார்ப்பார் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் வேறு இனிஷியல். மூன்றாம் தடவை, ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வந்திருக்க வேண்டுமாம். வழியில் ஒரு பன் தின்றிருந்தான்.

நோட்டை வாங்கி நான் ஒரு பத்தி சேர்த்தேன்: 'போன கூலி'. கட்டட வேலைக்குப் போகிற பையன். ஒரு பயணத்துக்கு இரண்டு நாள் வேலை போகும். ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே ஊர் திரும்பினால் மூன்றாம் நாளும் போகும். கூட்டிப் பார்த்தபோது மற்ற எல்லா வரிகளையும் சேர்த்ததைவிட அந்தப் பத்தி பெரிசாக இருந்தது. எந்தத் திட்டத்திலும் அதற்கு ஒரு ரூபாய் கிடையாது.

"பஸ் நமக்கு ஃப்ரீதானே?"

சாதாரண டவுன் பஸ்ஸில் ஃப்ரீ. 2021-ல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்து, சில வாரங்களிலேயே திருநங்கையரையும் சேர்த்தார்கள். ஆனால் இந்தச் சிகிச்சை டவுன் பஸ் போகிற தூரத்தில் இல்லை. மாவட்டம் தாண்டிப் போகிற வண்டிக்கு முழு டிக்கெட். திருநம்பிகளுக்கு டவுன் பஸ்ஸிலும் டிக்கெட்தான். மீசை முளைத்த முகத்தோடு 'மகளிர்' சீட்டு வாங்கிக்கொண்டு போக யாருக்கு மனசு வரும்?

"எங்க மாவட்டத்திலேயே ஏன் இல்ல?"

அறுவை சிகிச்சைக்கு நியாயமான காரணம் உண்டு. பிளாஸ்டிக் சர்ஜரி, சிறுநீரகவியல், மகப்பேறு, மயக்க மருந்து என்று நாலைந்து துறை ஒரே கூரையின் கீழ் வேண்டும். அதனால்தான் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை இராசாசி மருத்துவமனை மாதிரி பெரிய இடங்களில் திருநர்களுக்கான (திருநங்கையர், திருநம்பியர் எல்லாருக்கும் பொதுச் சொல்) கிளினிக்குகள் இருக்கின்றன.

ஹார்மோன் மருந்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. தொடங்கும்போது ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் பார்த்துத் திட்டம் போட்டுக் கொடுத்தால், அப்புறம் மாதாமாதம் பார்த்துக்கொள்ள, பயிற்சி பெற்ற பொது மருத்துவரே போதும். திருநர் மருத்துவத்துக்கான உலக அமைப்பு 2022-ல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டி நெறிகளும் ஆரம்ப சுகாதார மருத்துவர்கள் இதைச் செய்யலாம் என்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மற்றவர்' என்று பதிந்தவர்கள் நாடு முழுக்க 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364. நாட்டுக் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிராமத்தில் இருந்தது. மருத்துவம் இருக்கும் இடம் ஒன்று, ஆட்கள் இருக்கும் இடம் வேறு.

இதில் எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகிறது. என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை கொண்டுவருகிற அதே அக்கா, அடுத்த தெருவில் இருக்கும் திருநங்கைக்கும் ஒரு அட்டை ஈஸ்ட்ரடையால் (பெண் ஹார்மோன் மாத்திரை) கொடுத்துவிட்டுப் போனால் அரசுக்குப் புதுப் பாதை போடவேண்டிய வேலைகூட இல்லை. பாதை ஏற்கெனவே போட்டாயிற்று.

"ரெண்டு மூணு அட்டை சொல்றாங்க. எது வேணும்?"

இங்கேதான் நிறையப் பேர் காலும் காசும் தேய்கிறார்கள். ஒன்று, மாநில நலவாரிய அடையாள அட்டை. 2008 ஏப்ரல் 15-ல் இந்தியாவிலேயே முதலாவதாகத் தொடங்கப்பட்ட திருநங்கையர் நலவாரியம் அது. மாவட்டச் சமூக நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று, ஒன்றிய அரசின் தேசிய இணையதளம் வழியாக மாவட்ட ஆட்சியர் பெயரில் வரும் சான்றிதழும் அட்டையும். 2019-ன் திருநர் சட்டத்தின் கீழ் வந்தது. ஒன்று இருந்தால் மற்றது தானாக வரும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வராது. மாநில உதவிக்கு மாநில அட்டையைக் கேட்பார்கள், ஒன்றியத் திட்டத்துக்கு ஆட்சியர் சான்றிதழைக் கேட்பார்கள். இரண்டுக்கும் போட்டு வைத்துவிடுங்கள். போடுகிற அன்றைக்கு நடப்பில் இருக்கிற விதி என்ன என்று சமூக நல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு மிச்சமாக ஒரு வழி: இணையதள விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் போடாமல், பக்கத்தில் படித்த பிள்ளை யாராவது இருந்தால் போனிலேயே போடச் சொல்லுங்கள். ஆதாரில் இருக்கிற எழுத்தை எழுத்தாகப் பார்த்துப் போடணும். ஒரு இனிஷியல் தப்பு இன்னொரு சென்னைப் பயணம்.

"முதலமைச்சர் காப்பீட்டுல வருமா? ஆயுஷ்மான்ல வருமா?"

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு. கவனியுங்கள், 'குடும்பத்துக்கு'. ரேஷன் கார்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றையும் வைத்துத்தான் அட்டை. வீட்டை விட்டு வந்தவருக்கு இது நேரான அடி. கார்டில் பேர் இருந்தால் கார்டு அப்பா கையில் இருக்கும். பேரை எடுத்துவிட்டிருந்தால் எந்தக் குடும்பத்திலும் இல்லாத ஆள். தனி ரேஷன் கார்டு வாங்க வாடகை வீட்டு ஆதாரம் வேண்டும். வாடகைக்கு வீடு தரத்தான் ஆள் இல்லையே. இந்த முடிச்சை அவிழ்க்கிற வழி, முதலில் தனிக் குடும்ப அட்டைக்குப் போடுவது. தமிழ்நாட்டில் திருநங்கையர் தனியாகக் கார்டு வாங்கலாம். வட்ட வழங்கல் அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். அட்டை ஏற்கெனவே வாங்கிய ஒரு அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு எந்த மேசை என்று தெரிந்திருக்கும்.

ஒன்றிய அரசுத் திட்டத்தின் பெயர் ஆயுஷ்மான் பாரத் டி.ஜி. பிளஸ். 2022 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஹார்மோன், அறுவை சிகிச்சை, அதற்குப் பிந்திய கவனிப்பு எல்லாம் அதில் பேசப்பட்டிருக்கிறது. குடும்பக் கணக்கு இல்லை, ஆள் கணக்கு என்பது பெரிய நிம்மதி. ஆனால் இரண்டு நிபந்தனை: ஆட்சியர் சான்றிதழ் இருக்கணும், வேறு ஒன்றிய, மாநிலத் திட்டத்தில் இதே பலன் வாங்காதவராக இருக்கணும். காகிதத்தில் 5 லட்சம் இருப்பதும், நீங்கள் நிற்கிற ஆஸ்பத்திரிக் கவுன்டரில் அது கணினியில் வருவதும் வேறு வேறு. ஆஸ்பத்திரியில் படுக்கை போடுமுன் காப்பீட்டு அறைக்குப் போய், உங்களுக்கு எழுதியிருக்கும் சிகிச்சையின் பேரைச் சொல்லி, பட்டியலில் இருக்கிறதா, முன் அனுமதி வந்துவிட்டதா என்று கேளுங்கள். சிகிச்சை முடித்துவிட்டுக் கேட்டால் பில் உங்கள் தலையில்.

"தனியார் இன்ஷூரன்ஸ் எடுத்து வச்சா?"

காய்ச்சலுக்கும் விபத்துக்கும் உதவும். இதற்கு உதவுவது அபூர்வம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் பாலிசிகளில் இருக்கக்கூடிய விலக்குகளுக்கு ஒரே மாதிரி வாசகமும் எண்ணும் கொடுத்தது. அதில் ஏழாவது விலக்கு 'பாலின மாற்றச் சிகிச்சைகள்'. அதே 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் சட்டத்தின் 15-ஆம் பிரிவோ, அறுவை சிகிச்சை, ஹார்மோன், லேசர் எல்லாவற்றுக்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. லேசரைப் பேர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரே வருஷத்தில் ஒரு கை எழுதியதை இன்னொரு கை அடித்தது. பாலிசி விற்க வருகிற ஏஜென்ட் 'எல்லாம் கவர் ஆகும்' என்பார். விலக்குப் பட்டியலில் ஏழாம் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

"ஹார்மோனுக்கு மாசம் எவ்வளவு ஆகும்? மாலா-டி போட்டா சீப்பு இல்லையா?"

மாலா-டி வேண்டாம். கர்ப்பத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் ரத்தம் கட்டுகிற ஆபத்தைக் கூட்டும். கருத்தடைக்கு ஒரு மாத்திரை போடுகிற இடத்தில், மார்பு வளரணும் என்று மூன்று நாலு போடுகிறார்கள். கால் வீங்கி வருகிறவர்கள், மூச்சு வாங்கி வருகிறவர்கள் கதை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்: கடைக்காரர் கேள்வி கேட்காமல் கொடுத்தார், விலை கம்மி. ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு கம்மி எங்கே இருக்கிறது?

திருநங்கையருக்குப் பொதுவாக எழுதுவது ஈஸ்ட்ரடையால் வேலரேட்டும், டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ஒன்றும். ஸ்பைரோனோலாக்டோன் பழைய மருந்து. இதய நோயாளிகளுக்கும் கொடுக்கிறார்கள், மலிவு விலை மருந்தகங்களில் கேட்டுப் பாருங்கள். பிராண்டு பேரை எழுதாமல் மருந்தின் பேரை எழுதித் தரச் சொன்னால் வித்தியாசம் தெரியும். திருநம்பியருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை போடுவது விலை குறைவு, ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் போடுகிற ஆளைத் தேடி ஓடணும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது விலை கூட. பஸ் செலவையும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் சிலருக்கு அதுவே லாபமாகிறது. ஊசி போட்டுவிடுகிற நர்ஸ் ஊரிலேயே இருந்தால் முதலாவதே போதும். இந்தக் கணக்கை மருந்துக் கடையில் போட முடியாது. உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் போட முடியும்.

மாத்திரையைவிடப் பரிசோதனைதான் பலரை நிறுத்தவைக்கிறது. முதல் வருஷம் சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கணும். எல்லாவற்றையும் தனியார் லேபில் 'பேக்கேஜ்' என்று எடுக்காதீர்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, கிரியேட்டினின் போன்றவை அரசு மருத்துவமனையிலேயே காசில்லாமல் நடக்கும். ஹார்மோன் அளவு ஒன்றிரண்டை மட்டும் வெளியே எடுத்தால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் போதும் என்பார்.

"டாக்டர் சர்டிஃபிகேட் ரெண்டு வேணும்னு சொல்றாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஃபீஸ்."

பழைய பழக்கம். முன்பு அந்தரங்க உறுப்பு அறுவை சிகிச்சைக்கு இரண்டு மனநல நிபுணர்களின் கடிதம் வேண்டும் என்பது உலக வழிகாட்டி நெறியாக இருந்தது. 2022-ன் எட்டாம் பதிப்பில், வயது வந்தவருக்குத் தகுதியுள்ள ஒருவரின் மதிப்பீடு போதும் என்று குறைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி இரண்டு கேட்டால் சண்டை போட வேண்டாம், இதை மட்டும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் வேண்டும் என்றே நின்றாலும், தனியார் கிளினிக்கில் ஆலோசனைக்கு ஐந்து தடவை காசு கட்டுமுன் உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் அங்கே இருப்பார். அவர் எழுதும் கடிதமும் கடிதம்தான்.

'சரி பண்ணிவிடுகிறேன்' என்று வருஷக் கணக்கில் உட்காரவைத்து காசு வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த மாதிரி 'மாற்றுகிற' வைத்தியத்துக்குத் தடை சொன்னார். அதற்குக் கட்டுகிற காசு ஒரு பைசாவானாலும் வீண்.

"குருவே பணம் கட்டறேன்னு சொல்றாங்க. வாங்கலாமா?"

வெளியில் இருப்பவர்கள் இதைச் சுலபமாகத் தப்பு என்று சொல்லிவிடுவார்கள். பெத்தவர்கள் வராத வார்டில் கஞ்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, திருநங்கையர் நடுவில் தாய் இடத்தில் இருக்கும் மூத்தவரான குருதான். நிர்வாணம் (ஆணுறுப்பை நீக்கும் ஆபரேஷனை நாங்கள் சொல்லும் பேர்) ஆன பிறகு நாற்பது நாள் படுக்கவைத்து, வெந்நீர் வைத்து, பால் ஊற்றிச் சடங்கு செய்து எழுப்புவதும் குருவின் கீழ் சேர்ந்து வாழும் திருநங்கையர் குழுவான ஜமாத்தான். எந்தக் காப்பீட்டிலும் அந்த நாற்பது நாள் கிடையாது.

ஆனால் அது கடன். எழுதாத கடன். சேலா, அதாவது குருவின் சீடர், கடை கடையாகக் கேட்டு வந்த காசு, வேறு தொழிலில் வந்த காசு, அதிலிருந்து கழியும். எவ்வளவு கழிந்தது என்று இருவர் மனசிலும் வேறு வேறு கணக்கு இருக்கும். ஒரு ஜமாத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நினைத்தால் அந்தக் கணக்கு அப்போது எழுந்து நிற்கும். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: வாங்குகிற அன்றைக்கே ஒரு நோட்டில் தொகை எழுதி, கொடுத்ததையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நல்ல குரு கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக நடக்கிற ஒன்றுக்கு ஏன் குரு பணம் கட்டுகிறார் என்று கேட்கலாம். ஆறு தடவை அலைய முடியாமல்தான். தனியாரில் போனால் ஒரே வாரத்தில் முடித்து அனுப்பிவிடுகிறார்கள். வார்டு கேள்வியும் இருக்கிறது: ஆண் வார்டா பெண் வார்டா என்று நடுவராந்தாவில் நிற்கவைத்துக் கேட்கிறதைத் தாங்காமல் லட்சங்களில் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவமானத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, அதையும் அவர்களே கட்டுகிறார்கள்.

"வட்டிக்கு வாங்கலாமா? ஆன்லைன்ல உதவி கேட்கலாமா?"

மீட்டர் வட்டிக்கும் ரன் வட்டிக்கும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் ஆபரேஷன் ஆகி படுத்திருக்கும் ஆள் ஸ்டேஷன் வாசலில் போய் நிற்பாரா? சுய உதவிக்குழு இருந்தால் அதில் கடன் வாங்குங்கள், வட்டியும் தெரிந்த வட்டி, கேட்கிறவரும் தெரிந்த முகம்.

ஆன்லைன் நிதி திரட்டுவதில் நகரத்துப் பிள்ளைகளுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம். நகரத்தில் பேரும் போட்டோவும் போட்டு எழுதலாம். ஊரில் அந்த லிங்க் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து அத்தை மகன் போனுக்கு வர ஒரு நாள் போதும். பணம் வந்ததோ இல்லையோ, ஊருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் சொல்லாதவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

"திருநம்பிகளுக்கு ஏன் எல்லாமே கூடுதல் கஷ்டமா இருக்கு?"

திட்டங்களின் பேரைப் பாருங்கள், வாரியத்தின் பேரைப் பாருங்கள். 'திருநங்கை' என்ற சொல்தான் முதலில் வந்து உட்கார்ந்தது. 'திருநம்பி', 'திருநர்', 'ஊடுபால்' (பிறப்பிலேயே ஆண், பெண் என்று பிரிக்க முடியாத உடலமைப்பு உள்ளவர்) எல்லாம் 2022-ல்தான் அரசின் சொற்பட்டியலில் ஏறின. அலுவலகத்தில் 'அட்டை திருநங்கைக்குத்தான்' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற குமாஸ்தா இன்னும் இருக்கிறார். 2019-ல் நிறைவேறியபோது திருநர் சட்டம் திருநம்பியையும் பேர் சொல்லியே சேர்த்தது. அதைச் சொல்லி, இப்போதைய விதி என்ன என்று கேளுங்கள்.

கடன் கொடுக்க ஜமாத் கிடையாது. பெண்ணாக வளர்ந்த வீட்டில் சம்பளத்தை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள், கையில் காசு இருக்காது. இரவில் வெளியே போனால் கேள்வி. சிகிச்சையும் ஒன்றோடு முடியாது: மார்பு ஒரு ஆபரேஷன், கர்ப்பப்பை இன்னொன்று, அதற்கு மேல் விரும்பினால் பல கட்டமாக நடக்கும் பெரிய ஆபரேஷன். பலர் மார்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் அதுவே போதும் என்று. சிலர் காசு அதோடு நின்றுவிட்டதால். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடாது.

"துணைக்கு ஆள் இல்லாம சேர்க்க மாட்டேங்கிறாங்க. ரத்தமும் கேட்கிறாங்க."

பதினெட்டு வயது முடிந்தவருக்குத் தன் சிகிச்சைக்குத் தன் கையெழுத்தே போதும். அப்பா கையெழுத்து வேண்டும் என்பது பழக்கம்தான். அப்படிக் கேட்டால் கண்காணிப்பாளர் அறைக்குப் போய் விண்ணப்பமாக எழுதிக் கொடுங்கள்.

துணை ஆள் விஷயத்தில் அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ராத்திரி தண்ணீர் கொடுக்க ஒருவர் வேண்டும்தான். ஆனால் துணைக்கு வருகிறவருக்கும் கூலி போகும், சாப்பாடு வேண்டும். உங்கள் கணக்கில் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள்.

ரத்தம்தான் கொடுமை. ரத்த தானத்துக்கான 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் திருநர்கள் ரத்தம் கொடுக்கவே கூடாது என்று நிரந்தரமாக விலக்கி வைத்தன. பத்து அக்கா தங்கைகள் வாசலில் நிற்பார்கள், ஒருவர் கையிலும் ஊசி ஏறாது. வெளியில் இருந்து ஆளைத் தேடணும். சிலர் இதற்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள். அது சட்டவிரோதம், ரத்தமும் நம்பகமில்லை. கல்லூரி செஞ்சுருள் சங்கம், ஊர் ரசிகர் மன்றம், எங்கேயாவது முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

"ஆபரேஷன் முடிஞ்சா செலவும் முடிஞ்சிடுமா?"

இல்லை. இதை முன்னாலேயே சொல்லாதது என் போன்ற ஆட்களின் தப்பு.

விரையோ சூலகமோ எடுத்த உடம்பு தானாகப் போதுமான பாலின ஹார்மோன் சுரக்காது. வெளியிலிருந்து வாழ்நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கணும். காசில்லை என்று நிறுத்தினால் முதலில் உடம்பு கொதிக்கும், தூக்கம் போகும். வருஷங்கள் போனால் எலும்பு மெலியும். 'நிர்வாணம் ஆச்சு, இனிமே மாத்திரை எதுக்கு' என்று பத்து வருஷத்துக்கு முன் நிறுத்திய ஒரு அம்மாவுக்கு, வாசற்படியில் வழுக்கியதில் மணிக்கட்டு உடைந்தது. சாதாரண வழுக்கல். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு வயது எழுபதா என்று கேட்டார். அவருக்கு நாற்பத்தாறு.

பெண்ணுறுப்பு அமைத்தவர்கள் மாதக் கணக்கில் அதை விரித்து வைக்கும் பயிற்சி செய்யணும். தனி அறையும் கதவும் தாழ்ப்பாளும் வேண்டும். ஒரே அறை வீட்டில் ஆறு பேர் இருக்கிற இடத்தில் அது நடக்காது. சிறுநீர்ப் பாதை சுருங்கினால் மறுபடி சென்னை. ஆதரவற்ற திருநங்கையருக்கு மாநில அரசு மாதம் 1,500 ரூபாய் கொடுக்கிறது, ஆனால் நாற்பது வயதுக்கு மேல்தான். மருந்துச் செலவு இருபதில் தொடங்கிவிடுகிறது.

"சாதாரண வியாதிக்கே ஜனங்க கஷ்டப்படறாங்க. இதுக்கு ஏன் வரிப்பணம்?"

இதைக் கேட்டவர் ஒரு டீக்கடைக்காரர், கோபத்தில் கேட்கவில்லை. அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022-ல் நடப்புக்கு வந்தது. அதில், பிறந்தபோது குறித்த பாலினம் தனக்குப் பொருந்தாமல் இருப்பதை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். முழுசாக நீக்கவில்லை, பாலியல் நலம் என்ற அத்தியாயத்தில் வைத்தார்கள். பட்டியலில் இல்லாவிட்டால் சிகிச்சைக்கும் காப்பீட்டுக்கும் வழி அடைபட்டுவிடலாம் என்பதால்தான் அப்படி. மருந்து கிடைக்காதவர் சும்மா இருப்பதில்லை. மாலா-டி போடுவார், போலி டாக்டரிடம் போவார், பிறகு அதே அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத்தான் வருவார். அப்போது செலவு பல மடங்கு. டீக்கடைக்காரர் கடைசியில் "அதுவும் சரிதான்" என்றார். டீக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

"என் பிள்ளை திருநங்கைன்னு சொல்லுது. எங்கிட்ட பெருசா ஒண்ணும் இல்லம்மா. நான் என்ன செய்ய முடியும்?"

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தாய், முந்தானையில் முடிந்த நோட்டுகளை அவிழ்த்து என் முன்னால் வைத்துக் கேட்டது. அந்தப் பணத்தை அப்படியே முடிந்துகொள்ளச் சொன்னேன். ரேஷன் கார்டில் பிள்ளையின் பேரை எடுக்காமல் வைத்திருங்கள். காப்பீட்டுக்கு அது வேண்டும். கார்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். முதல் பயணம் சென்னைக்கு வேண்டாம், மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போதும். டவுன் பஸ் மாறிப் போனால் இருவருக்கும் டிக்கெட் இல்லை. கண்டக்டர் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தால் பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

ஆபரேஷன் தேதி வரும்போது துணைக்கு நீங்களே இருங்கள். பிள்ளையின் சினேகிதிகள் கொடுக்க முடியாத ரத்தத்தை நீங்கள் கொடுக்கலாம். 65 வயதுக்குள் இருக்கணும், எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும். அந்த அம்மாவுக்கு அன்றைக்குப் பார்த்தபோது 9.8. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கொடுப்பார்கள் என்று சொல்லி அனுப்பினேன்.